நாலாம் நம்பர் அம்மா

பச்சிளங்குழந்தைகள் வார்டு வாசலில் குழாயை முழங்கையால் தள்ளித் திறந்து விரல் இடுக்கெல்லாம் நுரை வரத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை கழுவும் விஷயத்தில் மட்டும் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. மற்ற அம்மாக்கள் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அரக்கப்பரக்கத் தேய்த்துக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். இவள் கழுவி முடித்து, யோசித்து, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். சிஸ்டர்கள் புதிதாக வருகிற அம்மாக்களிடம் இவளைக் காட்டி, "பாருங்க, இந்த மாதிரிக் கழுவணும்" என்பார்கள். உள்ளே போகும் நேரத்தைத் தள்ளிப்போட அவளுக்குக் கிடைத்த ஒரே கௌரவமான வழி அதுதான் என்று யாருக்குத் தெரியும்?

பயம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. மாதக்கணக்கு முடியும் முன்பே அவசரமாக வெளியே எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் அந்தப் பெண் குழந்தையைப் பார்த்தால் அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பாசம் பொங்கவில்லை. நெஞ்சு அடைக்கவில்லை. உள்ளங்கையளவு உடம்பு, மூக்கில் குழாய், கன்னத்தில் பிளாஸ்திரி, காதுவரை இறங்கிய குல்லா. யாருடைய சாமானையோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன மாதிரி இருந்தது. புருஷன், "உன் மூக்கு அப்படியே இருக்கு" என்றபோது, எந்த மூக்கைச் சொல்கிறார் என்று யோசித்தாள். இத்தனைக்கும் அவள் முகம் பார்த்துப் பிழைக்கிறவள். போட்டோ ஸ்டுடியோவில் வேலை. வருஷக்கணக்கில் வராத வாடிக்கையாளர் வாசலில் தலைகாட்டினாலும், "வாங்க சார், மீசையை எடுத்துட்டீங்களா?" என்று கேட்டுவிடுவாள்.

சிஸ்டர்கள், "தொடுங்கம்மா, அம்மா கை பட்டா குழந்தைக்கு நல்லது" என்பார்கள். பெட்டியின் வட்டக் கதவுவரை கையைக் கொண்டுபோவாள். "கை ஜில்லுனு இருக்கு சிஸ்டர், அப்புறம் தொடறேன்" என்று இழுத்துக்கொள்வாள். தொட்டும் ஒன்றும் தோன்றாவிட்டால் என்ன செய்வது? தொடாதவரைக்கும் கொஞ்சம் நம்பிக்கையாவது மிச்சம் இருக்கும்.

அன்று காலை உள்ளே போனபோது சிஸ்டர்கள் எல்லோரும் கோடியில் இருந்த ஒரு பெட்டியைச் சுற்றி நின்றார்கள். அங்கே மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் வழக்கம்போல நாலாம் நம்பர் பெட்டிக்குப் போனாள். மேலே நீல விளக்கு எரிந்தது. கண்ணைத் துணிப்பட்டையால் மூடியிருந்தார்கள். மஞ்சள் காமாலை வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். நேற்றுவரை காலில் இருந்த ஊசி இன்று இடது கைக்கு மாறி, கை ஆடாமலிருக்கச் சின்னப் பலகை வைத்துக் கட்டியிருந்தது. அந்த அறையில் தினமும் ஏதாவது ஒன்று மாறும், ஒரு குழாய் போய் இன்னொரு குழாய் வரும். அதனால் அவள் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண் மூடியிருந்தது அவளுக்கு வசதியாகக்கூட இருந்தது. தன்னைப் பார்க்காத குழந்தையிடம் தைரியமாக நிற்கலாம்.

அந்தத் தைரியத்தில்தான் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டாள். பலகை கட்டாத வலது கை விரிந்து கிடந்தது. சுண்டுவிரல் பக்கமாக ஆள்காட்டி விரலை நுழைத்து உள்ளங்கையை லேசாக அழுத்தினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. சரி, எடுத்துவிடலாம் என்று நினைத்தபோது அந்த விரல்கள் மடங்கின. மெதுவாக, ஒவ்வொன்றாக மடங்கி அவள் விரலைப் பிடித்துக்கொண்டன. அரிசிக் குருணை மாதிரி நகங்கள்.

"அய்யோ" என்றாள் சத்தமாகவே. "அய்யோ என் ராசாத்தி. அம்மாடா. அம்மா வந்திருக்கேன்டா. இத்தனை நாள் தொடாம இருந்துட்டேனே, என்ன மன்னிச்சுக்கடி தங்கம்." என்னென்னவோ உளறினாள். முகமூடிக்குள் கண்ணீரும் மூக்கும் ஒன்றாக ஒழுகின. பிழிந்து பிழிந்து எடுத்தாலும் பாட்டிலின் அடியைக்கூட நனைக்காத மார்பு, அப்போது தானாகச் சுரந்து மேலங்கியை நனைத்தது. நான் அம்மாதான், நான் அம்மாதான் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பிடி தளர்ந்த பிறகும் அவளுக்கு விரலை எடுக்க மனம் வரவில்லை.

மத்தியானம் அம்மாக்கள் அறையில் வாராந்திரக் கூட்டம். பால் எடுப்பதற்கும் உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் உள்ள அறைதான், அன்று மட்டும் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். நடத்துகிறவர் ஆஸ்பத்திரியின் மனநல ஆலோசகர். நல்ல மனுஷி. ஆனால் வந்ததும் முதல் வேலையாக டிஷ்யூ பெட்டியை நடுவில் வைப்பார், யாராவது அழும்வரை அதை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் அவருக்கு டிஷ்யூ அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தது மைக் அக்கா. பேருந்து நிலையத்தில் வண்டி புறப்படும் நேரத்தை ஒலிபெருக்கியில் அறிவிக்கிறவர், அதனால் அவருக்கும் ஒரு பெயர் கிடைத்தது. அந்த அறையில் எல்லோரையும்விட நீண்ட நாளாக இருப்பவரும் அவர்தான்.

டிஷ்யூ பெட்டி வந்ததும் மைக் அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு அறிவிப்புக் குரலில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, அழ விரும்புவோர் வரிசையில் வரவும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், டிஷ்யூ அக்கா உட்பட. "அப்புறம் இன்னொரு அறிவிப்பு. என் பையன் இன்னைக்கு நடைமேடை மாத்தி நிறுத்தப்பட்டிருக்கார். நான் வீட்டுக்குக் குளிக்கப் போன நேரம் பாத்து மாத்திட்டாங்க" என்றார். இவள் தன் சந்தோஷத்தில் இருந்தாள். அந்தப் பேச்சு காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை.

இந்த வாரம் குழந்தை உங்களுக்குச் செய்த ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லுங்கள் என்றார் டிஷ்யூ அக்கா. வழக்கமாக இவள், "நல்லாத்தான் போகுதுங்க" என்று முடித்துவிடுவாள். அன்று அவள்தான் முதல் ஆளாக வாயைத் திறந்தாள். விரலைப் பிடித்ததைச் சொன்னாள். பால் சுரந்ததைச் சொன்னாள். இத்தனை நாள் தொடப் பயந்ததையும் சொல்லிவிட்டாள். அறையே கைதட்டியது. டிஷ்யூ அக்கா தன் பெட்டியிலிருந்து தானே ஒன்றை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மைக் அக்கா எழுந்து வந்து இவளைக் கட்டிக்கொண்டு, "ஸ்டுடியோ, கொடுத்து வச்சவடி நீ" என்றார். "என் வீட்டு ஆபீசர் இருக்கானே, காலையும் சாயங்காலமும் விரலைக் கொடுத்துப் பாக்கறேன், கண்டுக்கவே மாட்டேங்கறான். பெரிய மனுஷன்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். பிறந்த சில நாட்களில் அவர் பையனுக்குத் தலைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. வலது பக்கம் அசைவு சரியில்லை, அந்தக் கை எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து மைக் அக்காவுக்கு உலகத்தில் அந்த ஒரு கைதான்.

கூட்டம் முடிந்து, எடுத்த பாலைக் கொடுக்க இவள் உள்ளே போனாள். பாட்டிலில் பாதி நிறைந்திருந்தது. அதை எல்லோரும் பார்க்கட்டும் என்று கொஞ்சம் உயர்த்தியே பிடித்துக்கொண்டு நாலாம் நம்பரை நோக்கி நடந்தாள்.

"எங்கம்மா போறீங்க?" என்றாள் சின்ன சிஸ்டர். "உங்க பாப்பா ஒன்பதுல இருக்கா. காலைல ட்யூட்டிக்கு வந்ததும் முதல் வேலையா மாத்திட்டோம். நாலுக்கு மேலதான அந்த லைட் இருக்கு? மைக் அக்கா பையனுக்கு மஞ்சள் ஏறிடுச்சு, அதான் அவன அங்க வச்சிருக்கோம். உங்ககிட்ட யாரும் சொல்லலயா?"

"தெரியும் சிஸ்டர்" என்றாள்.

அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கால்கள் ஒன்பதாம் நம்பருக்குப் போயின. அங்கே ஒரு குழந்தை கிடந்தது. கண்ணில் பட்டை இல்லை, ஊசி காலிலேயே இருந்தது. ஒரு கண்ணை லேசாகத் திறந்து, எங்கேயோ பார்த்தது. அவள் மூக்கு. புருஷன் சொன்னது சரிதான், அப்படியே அவள் மூக்கு. காலையில் இருந்து இந்தக் குழந்தையிடம் யாரும் வரவில்லை. இதற்கு வரவேண்டிய அழுகையையும் பேச்சையும் பாலையும் இதன் அம்மா கொண்டுபோய் இன்னொரு வீட்டுப் பிள்ளையிடம் கொட்டிவிட்டு, ஊரைக் கூட்டிக் கைதட்டலும் வாங்கிவிட்டாள். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. பாட்டிலைக் கொடுத்துவிட்டு, கை ஜில்லென்று இருக்கிறது என்றுகூடச் சொல்லாமல் வெளியே வந்துவிட்டாள்.

உடனே சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டே, "அக்கா, ஒரு கூத்து நடந்துபோச்சு" என்று ஆரம்பித்திருந்தால் மைக் அக்கா அதை வைத்தே ஒரு வாரம் அறிவிப்பு செய்திருப்பார். ஆனால் அதற்குள் புருஷனுக்குப் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது. அவர் தன் அம்மாவிடம் சொல்லி, மாமியார் அழுதுகொண்டே கூப்பிட்டு, "ரத்தம் பேசுதும்மா. பெத்தவள அதுக்குத் தெரியாதா?" என்றார். அதற்குத் தெரியும் அத்தை, எனக்குத்தான் தெரியவில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

புதிதாக ஓர் அம்மா வந்தாள், நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து யாரையும் பார்க்காமல் இருந்தாள். டிஷ்யூ அக்கா அவளை அழைத்துவந்து இவள் பக்கத்தில் உட்காரவைத்து, "இவங்களும் உங்கள மாதிரிதான் இருந்தாங்க, ஒரே ஒரு தடவை தொட்டாங்க, எல்லாம் மாறிடுச்சு. அத நீங்களே சொல்லுங்களேன்" என்றார். இவள் சொன்னாள். எங்கே எந்த வார்த்தையில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பதுகூடப் பழகிவிட்டிருந்தது. அந்தப் பெண் தலைநிமிர்ந்து கேட்டாள். சீ, என்ன ஜென்மம் நான் என்று இவள் எழுந்து போய்க் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். பால் திரும்பவும் வற்றிக்கொண்டு வந்தது.

இன்னொரு பயமும் இருந்தது. ஒரு குழந்தையைத் தொட்ட கையால் இன்னொன்றைத் தொடக்கூடாது, வேறு அம்மா தொடவே கூடாது என்பது அங்கே முதல் சட்டம். தினமும் உள்ளே போனதும் தன் குழந்தையைப் பார்க்கும் முன் நாலாம் நம்பரின் மானிட்டரைத்தான் பார்ப்பாள். காய்ச்சல் இல்லை, எண்கள் ஒழுங்காக ஓடுகின்றன என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும். பிறகு ஒன்பதாம் நம்பர் முன்னால் போய் நிற்பாள். மகளைத் தொட்டாள், தொடாமல் இல்லை. கையைப் பிடிக்க மட்டும் விடவில்லை. காலை, முதுகை, குல்லாவின் மேலே. விரலைக் கொடுக்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

அடுத்து வந்த ஒரு காலையில் டாக்டர் சுற்றி வந்தபோது இவள் ஒன்பதாம் நம்பர் பக்கத்தில் நின்றாள். நாலுக்கும் எதிர்வரிசை ஒன்பதுக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கும் இடம்தான், அதனால் எல்லாம் கேட்டது. திரும்பவும் ஸ்கேன் எடுக்கப்போவதாக டாக்டர் சொன்னார். "வலது கையில நாங்க எதிர்பார்த்த அளவு அசைவு இன்னும் தெரியல. இப்பவே எதுவும் முடிவா சொல்ல முடியாது. ஆனா எதுக்கும் நீங்க மனசளவுல தயாரா இருக்கறது நல்லது."

"பிடிக்கவே இல்லீங்களா டாக்டர்? ஒரு தடவைகூடவா?" என்றார் மைக் அக்கா.

"நாங்க பாத்தவரைக்கும் இல்ல. நீங்க பாத்தீங்களா?"

"இல்ல" என்றார் மைக் அக்கா.

நான் பார்த்தேன். ஒன்பதாம் நம்பர் பெட்டியின் கண்ணாடியில் நெற்றி படும்படி நின்றுகொண்டு அவள் நினைத்தாள், நான் பார்த்தேன், என் விரலைப் பிடித்தான், அந்தக் கைதான். வாயைத் திறந்தால் போதும். திறந்தால், ஏன் அங்கே கையை விட்டாய் என்று கேட்பார்கள். உன் குழந்தை எது என்று உனக்குத் தெரியாதா என்று கேட்பார்கள். சின்ன சிஸ்டர் கேட்பாள், டாக்டர் கேட்பார், சாயங்காலத்துக்குள் புருஷனும் மாமியாரும் கேட்பார்கள். டாக்டர் அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிட்டார். அவள் வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து மைக் அக்கா அறிவிப்பை நிறுத்திவிட்டார். டிஷ்யூ பெட்டி வந்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை. அறையே உப்புச்சப்பில்லாமல் போயிற்று. டிஷ்யூ அக்கா தானாகவே, "பயணிகளின் கவனத்துக்கு" என்று தொடங்கிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை, பாவம்.

ஸ்கேனுக்கு முந்தைய நாள் சாயங்காலம், கை கழுவும் இடத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் குழாயில் நின்றார்கள். மைக் அக்கா சோப்பு நுரையோடு கையை அப்படியே வைத்துக்கொண்டு, கழுவ மறந்தவராக நின்றார்.

"ஏய் ஸ்டுடியோ."

"சொல்லுங்கக்கா."

"உன் பொண்ணு பிடிச்சாளே, அத இன்னொரு தடவை சொல்லேன். எப்படிப் பிடிச்சா? கேக்கணும் போல இருக்கு. பொறாமையா இல்லடி. சத்தியமா. அது எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

இவள் சொல்லத்தான் ஆரம்பித்தாள். பழகிய கதைதானே. "விரல உள்ள விட்டேன்கா, மொதல்ல ஒண்ணுமே இல்ல" என்றதும் மைக் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டவர் மாதிரி முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதற்குமேல் பொய் சொல்ல வரவில்லை.

"அக்கா, அது என் பொண்ணு இல்ல."

"என்னது?"

"உங்க பையன். பெட்டி மாத்தினது எனக்குத் தெரியாது. அன்னைக்குக் காலைல நாலுல போய் நின்னேன். கண்ணக் கட்டியிருந்துச்சு, எனக்கு அடையாளம் தெரியல. என் பொண்ணுன்னு நெனச்சுதான் கைய விட்டேன். ராசாத்தின்னு கூப்பிட்டேன்கா. உங்க பையனப் போய்."

மைக் அக்கா கண்ணைத் திறந்தார். கன்னத்தில் அறை விழும் என்று இவள் நினைத்தாள். விழுந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"கை கழுவினியா?"

"கழுவினேன்கா. ரெண்டு தடவை."

"எந்தக் கை?"

"என் வலது..."

"உன் கைய யாரு கேட்டா? அவனோட எந்தக் கை?"

"வலது. இடது கைல பலகை கட்டியிருந்தாங்க. வலது கைதான்கா. எனக்கு நல்லாத் தெரியும்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மைக் அக்கா முழங்கையால் அதை மூடினார். அவர் குரல் வந்தபோது, ஊருக்கெல்லாம் கேட்கிற அந்தக் குரல் இல்லை.

"டாக்டர் என்கிட்ட கேட்டாரே. ஒரு தடவை பாத்தீங்களான்னு. நீ பக்கத்துலதானடி நின்ன."

"நின்னேன்."

"இல்லன்னு சொன்னேன். கேட்டுக்கிட்டுதான இருந்த?"

"கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

"ஏன்டி?"

"வெக்கமா இருந்துச்சுக்கா. பெத்த பிள்ளைய அடையாளம் தெரியாதவன்னு... வெக்கம். வேற ஒண்ணும் இல்ல."

மைக் அக்கா அவளையே பார்த்தார். திட்ட வார்த்தை தேடுவது போல உதடு அசைந்தது. பிறகு நுரை அப்படியே இருந்த தன் வலது கையை இருவருக்கும் நடுவில் நீட்டி, விரித்து வைத்தார்.

"காட்டு. எப்படி வச்ச?"

அவள் சுண்டுவிரல் பக்கமாகத் தன் ஆள்காட்டி விரலை நுழைத்து அந்த உள்ளங்கையை லேசாக அழுத்தினாள். மைக் அக்காவின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

"இவ்வளவு இறுக்கமா பிடிச்சானா?"

"இன்னும் கொஞ்சம்."

பிடி இறுகியது. "இவ்வளவா?"

"இல்லக்கா. இது ஜாஸ்தி."

மைக் அக்கா கொஞ்சம் தளர்த்தினார். இன்னும் கொஞ்சம். அவள் கண்ணை மூடி, அந்தக் காலையை, அந்த நகங்களை நினைத்துப் பார்த்தாள். இதில் மட்டும் கூட்டியும் சொல்லக்கூடாது, குறைத்தும் சொல்லக்கூடாது. நேரம் எடுத்துக்கொண்டாள்.

"இவ்வளவுதான்" என்றாள்.

உள்ளேயிருந்து சின்ன சிஸ்டர், நேரமாகிறது, வருகிறவர்கள் வரலாம் என்று குரல் கொடுத்தாள். மைக் அக்கா அசையவில்லை. பிடியைக் கூட்டாமலும் குறைக்காமலும், தலையைக் குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். இருவர் மணிக்கட்டிலிருந்தும் நுரை சொட்டிக்கொண்டிருந்தது.